நடந்து முடிந்த பிறகு தொடங்கும் நாவல்கள்

கேள்வி: சமீபத்தில் நீங்கள் வாசித்த சமகால நாவல்களில் எவை உங்களைப் பாதித்தன, எவை பாதிக்கவில்லை? விருது பெற்ற, பலரும் கொண்டாடுகிற சில நாவல்களுக்குள் என்னால் நுழையவே முடியவில்லை. கோளாறு என் வாசிப்பிலா?

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாவல் ஒட்டவில்லை என்றால் குறை வாசகரிடம்தான் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. விருதுக் குழுவில் இருப்பவர்களும் வாசகர்கள்தாம்; அவர்களுக்கும் சாய்வுகள் உண்டு. ஆனால் ‘ஒட்டவில்லை’ என்ற சொல்லோடு புத்தகத்தை மூடி வைத்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எந்தப் பக்கத்தில் ஆர்வம் தளர்ந்தது, அதுவரை நம்மைப் பிடித்து வைத்திருந்தது எது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது நாவலைப் பற்றியும் தெரியவரும், நம் ருசியைப் பற்றியும் தெரியவரும்.

புதிதாக வாசித்தவை, மறுபடி எடுத்து வாசித்தவை என்று அண்மையில் சில நாவல்களை அடுத்தடுத்து முடித்தேன். அவற்றில் என்னை விடாமல் தொந்தரவு செய்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு பொதுத்தன்மை தெரிந்தது. அந்த நாவல்களில் பெரிய காரியம் ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது, அல்லது நம் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. நாவலாசிரியர் அதன் மீது வெளிச்சம் பாய்ச்சுவதில்லை. அதற்குப் பிறகு சுற்றியிருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள், யார் தலையில் பழியைப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இது பிடிக்கிறது. இதற்கு மாறாக, நான் எங்கே கவனிக்காமல் போய்விடுவேனோ என்று பயந்து நாவலாசிரியர் தானே முன்வந்து விளக்கத் தொடங்கும் இடத்தில் எனக்குப் பிடி நழுவுகிறது. நான் சொல்லப்போவது எல்லாம் இந்தச் சாய்வோடு சொல்வது. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018இல் வந்தது, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தலைமை ஆசிரியர் நடேசனின் மகள் ரேவதி, பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்தைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டு எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில ஆண்டுகள் கழித்து உடல் முழுக்கத் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். சுருக்கிச் சொன்னால் செய்தித்தாளின் ஐந்தாம் பக்கத்தில் தினமும் வரும் செய்தி போலத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வெளியே நடக்கிறது. உள்ளே கிடப்பவளைப் பார்க்க எப்போதாவதுதான் அனுமதி. எனவே அம்மா அமராவதி, அப்பா, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி எல்லோரும் வெளியில் காத்திருக்கிறார்கள். காத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். யார் முதலில் விட்டுக்கொடுத்தது, யார் அன்றைக்கே கண்டித்திருக்க வேண்டும், அந்தக் கல்யாணத்துக்கு யார் காரணம் என்று பழைய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள். அழுகைக்கு நடுவில் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். இமையம் இந்தப் பேச்சை அப்படியே ஓட விடுகிறார். பக்கம் பக்கமாக உரையாடல்தான். வர்ணனை மிகக் குறைவு. ஒருவர் அழுகிறார் என்று சொல்வார்; அந்த அழுகை எதைப் போல இருந்தது என்று சொல்ல மாட்டார்.

பாதி நாவலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேச்சு முழுவதும் ரேவதியைப் பற்றியது. ஆனால் ரேவதியோடு யாருமே பேசியிருக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. கோபத்தில் கத்தினார்கள், மானம் போனது என்றார்கள், முகம் கொடுக்காமல் இருந்தார்கள். அவள் தீக்காயத்தோடு கிடக்கும்போது பாசம் கரைபுரண்டு ஓடுகிறது. அந்தப் பாசம் பொய் என்று நாவல் எங்கும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று நிற்கும் தகப்பனின் தவிப்பில் ஒரு துளி நடிப்பும் இல்லை. மகள் கஷ்டப்பட்டபோது வெளியே வராத பணம் இப்போது தயாராக இருக்கிறது. இப்போது அதை வாங்கிக்கொள்ள மருத்துவத்தாலும் முடியவில்லை. தலைப்பின் கசப்பு அங்கே முழுதாக இறங்கியது.

ரவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவல் தொடங்கிய சில பக்கங்களிலேயே அவனை வெறுக்க எல்லா ஏற்பாடும் ஆகிவிடுகிறது. வெறுத்தேன். பிறகு அவனுக்கும் பேச இடம் கிடைக்கிறது. அவன் பேசுவதைக் கேட்டு நான் அவனை மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் ஒருவனைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தொழிலையும் பிறப்பையும் மட்டுமே பார்த்தால் அந்தப் பார்வை அவனுக்குள் என்னவாக மாறும் என்பது புரிந்தது. அந்த அவமானத்தைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு எட்டிய தூரத்தில் இருந்தவள் மனைவி ஒருத்திதான். இதை இமையம் வாக்கியமாக எழுதவில்லை. நான்தான் கோத்துக்கொண்டேன். வாசகர் கோத்துக்கொள்ளட்டும் என்று விடுகிற தைரியம் எல்லோருக்கும் வருவதில்லை.

ஒரு குறையும் உண்டு. சில இடங்களில் ஒரே குற்றச்சாட்டு நாலைந்து முறை, கிட்டத்தட்ட அதே சொற்களில் வருகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஆசிரியர் பக்கம் நின்று வாதாடலாம். இருந்தாலும் நடுப்பகுதியில் சில பக்கங்கள் குறைந்திருந்தால் நாவலுக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

இதே இமையத்தின் ‘எங் கதெ’ (2015) வேறு வகை. வேலையில்லாமல் இருந்த விநாயகம் என்ற ஆண், கணவனை இழந்த, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான கமலாவின் மீது கொண்ட பித்தைத் தன் வாயால், தன் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே போகிறான். கமலா ஒரு வார்த்தை நேராக நம்மிடம் பேசுவதில்லை. இது பெண்ணுக்கு எதிரான நாவல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அவன் புலம்பப் புலம்ப, அவன் அறியாமலேயே அவள் பக்கத்து நியாயம் வளர்ந்துகொண்டே வருகிறது. அவள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை என்பது அவன் வாக்குமூலத்திலிருந்தே தெரிகிறது. சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் படிக்க வேண்டியது.

அடுத்து, கன்னடத்தில் விவேக் ஷான்பாக் எழுதிய ‘காச்சர் கோச்சர்’. 2013இல் வந்த குறுநாவல், கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. சமீபத்தில் படித்தவற்றில் என்னை அதிகமாக அச்சப்படுத்தியது இதுதான். ரத்தம் சிந்தும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது, கடைசியில் கண்ணாடித் தம்ளர் உடைந்து கதைசொல்லியின் கையில் கீறல் படுவதைத் தவிர.

பெங்களூரில் ஒரு கீழ் நடுத்தரக் குடும்பம். அப்பா தேயிலை விற்கும் விற்பனையாளர். வசூல் கணக்கு இடிக்கும் நாளில் வீடே கூடி உட்கார்ந்து சரிபார்க்கும். அவ்வளவு நெருக்கடி, அவ்வளவு ஒற்றுமை. பிறகு சிக்கப்பா, அதாவது சித்தப்பா, மசாலாத் தொழில் தொடங்குகிறார். பணம் கொட்டுகிறது. புது வீடு, புதுப் பொருட்கள். கதைசொல்லியான மகன் நிறுவனத்தில் பெயருக்கு ஒரு பதவியில் இருந்துகொண்டு, வேலை எதுவும் செய்யாமல் சம்பளம் வாங்குகிறான். காப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

ஒரு காட்சியை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒருநாள் காலையில் ஒரு பெண் சிக்கப்பாவைத் தேடி வாசலுக்கு வருகிறாள். கையில் அவருக்குப் பிடித்த மைசூர்ப் பருப்புக் குழம்பு. அவள் யார், அவருக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும். சிக்கப்பா வெளியே வரவே இல்லை. கதைசொல்லியின் அம்மாவும் சகோதரி மாலதியும் அவளை வாய்க்கு வந்தபடி ஏசித் துரத்துகிறார்கள். பாத்திரம் கவிழ்ந்து குழம்பு தரையில் சிந்துகிறது. கதைசொல்லி உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் அனிதா ஒருத்திதான் இது என்ன நியாயம் என்று கேட்கிறாள். குடும்பத்தின் மொத்தப் பணமும் சிக்கப்பாவின் உழைப்பில் வருவது. எனவே அவர் நிம்மதியைக் காப்பதுதான் அந்த வீட்டின் அறம். அந்த அறத்துக்குள் அனிதாவின் கேள்விக்கு இடம் இல்லை.

இந்தக் காட்சியை வாசித்தபோது வன்முறை எங்கே நடந்தது என்று நான் யோசித்தேன். ஏசியதிலும் பாத்திரம் கவிழ்ந்ததிலும் நடந்தது உண்மைதான். அதைவிட அதிகமாக, உள்ளே நின்றவர்களின் மௌனத்தில் நடந்தது. கதைசொல்லி மென்மையானவன், படித்தவன், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவன். அந்த மென்மையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. பழைய வீட்டில் எறும்புத் தொல்லை இருந்த காலத்தில் குடும்பமே எறும்புகளைத் தேடித் தேடி நசுக்கியதை அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போவான். நாவலின் முடிவில் ஊருக்குப் போன அனிதா இன்னும் திரும்பவில்லை. அவளுக்கு என்ன ஆனது என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாவல் துப்பறியும் கதையாகியிருக்கும். சொல்லாததால், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு மறுபடி வாசித்தேன்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) பற்றி நாவலைவிட அதைச் சுற்றி நடந்தவைதான் அதிகம் பேசப்பட்டன. எதிர்ப்பு, 2015 ஜனவரியில் அவர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தது, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தந்த தீர்ப்பு. இவை முக்கியமானவை. ஆனால் இந்தச் சத்தத்தில் நாவலின் தொடர்ச்சிகளான ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ இரண்டும் போதுமான அளவு கவனிக்கப்படாமல் போனதுதான் எனக்கு ஆதங்கம். மூன்றையும் இப்போது வரிசையாக வாசித்தேன்.

காளி, பொன்னா. கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தை இல்லாத பெண் வேறு ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்பது நாவலில் வரும் வழக்கம்; அந்த இரவுக்கு அவளை அனுப்பிவைக்கக் குடும்பம் முடிவு செய்கிறது. காளி சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் பொய் சொல்லப்படுகிறது. உண்மை தெரிந்த காளி பூவரச மரத்தடியில் கிடந்து கிளையைப் பார்ப்பதோடு ‘மாதொருபாகன்’ முடிகிறது. அதன் பிறகு என்ன? ‘ஆலவாயன்’ நாவலில் அவன் செத்துவிட்டான். ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொள்கிறான். இரண்டும் 2014இல் வெளிவந்தன. ஒரே புள்ளியிலிருந்து பிரியும் இரண்டு பாதைகள், இரண்டுமே நிஜம்.

‘அர்த்தநாரி’யில் உயிரோடு இருக்கும் காளி, மௌனத்தால் பொன்னாவைத் தண்டிக்கிறான். ‘ஆலவாயன்’ நாவலில் அவன் இல்லாத வீட்டில் பொன்னா, அவள் தாய், மாமியார் என்று பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வாழத் தொடங்குகிறார்கள். கணவன் பிழைத்தது நல்ல முடிவு, செத்தது கெட்ட முடிவு என்ற எண்ணத்தோடுதான் யாரும் இவற்றை எடுப்பார்கள். வாசித்து முடித்த பிறகு அந்தத் தராசு என் கையில் நிலைகொள்ளவில்லை. பொன்னாவுக்கு மூச்சுவிட இடம் எந்த நாவலில் அதிகம் இருந்தது என்று கேட்டால், துக்கம் நிறைந்த ‘ஆலவாயன்’ என்றுதான் சொல்வேன். வயல் வேலையும் பண்டம்பாடிகளை, அதாவது ஆடுமாடுகளை, பார்த்துக்கொள்வதும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுக்கும் பகுதிகளை இன்னொரு முறையும் படிப்பேன். ஒருவர் நாவலின் உச்சத்தை எழுதிவிட்டு அதன் பின்விளைவை இரண்டு தனி நாவல்களாக எழுதத் துணிந்தார் என்பது தமிழில் எளிதில் நடக்கிற காரியம் இல்லை.

எழுத்துக்குத் திரும்பிய பிறகு வந்த ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) எனக்கு ஏறுக்கு மாறாக இருந்தது. வெள்ளாட்டுக் குட்டியைப் பதிவு செய்து காது குத்திக்கொள்ள மக்கள் வரிசையில் நிற்கும் காட்சி அருமை. அரசைப் பற்றி வாய் திறக்கலாமா கூடாதா என்ற நடுக்கத்தோடு அவர்கள் பேசுவதில் அந்தக் காலத்து அவருடைய மனநிலையும் கலந்திருக்கிறது. கிழவனும் கிழவியும் அந்தச் சிறு உயிரைக் காப்பாற்றப் படும் பாடும் அப்படித்தான். ஆனால் ஆட்டின் காதல், ஏக்கம் என்று போகும் பகுதிகளில் ஆடு மறைந்து மனிதப் பெண் தெரிய ஆரம்பிக்கிறாள். எனக்கு ஆடு ஆடாகவே இருந்திருக்க வேண்டும்.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ (2020) பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குத்தான். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு. கொங்குப் பகுதியில் குடிநாவிதர் குலத்தில் பிறந்த காரு மாமாவின் சாவோடு தொடங்கி, அவருடைய வாழ்க்கை பின்னோக்கிச் சொல்லப்படுகிறது. மனைவி வேறொருவனோடு போய்விட்டாள், குழந்தைகளும் அவளோடு போய்விட்டார்கள். மனம் உடைந்த மனிதரை உறவுகள் தங்களால் இயன்ற அளவு தாங்கிப் பார்க்கின்றன. இயன்ற அளவு என்பது மிகக் கொஞ்சம். அவர்களே ஊராரின் தயவில் பிழைப்பவர்கள்.

இந்த நாவலில் என்னை அசைத்தது, யார் மீதும் கடைசிவரை நிற்காத கோபம். ஓடிப்போனவளை இவர்கள் சபிக்கிறார்கள், அடுத்த மூச்சில் அவள் குழந்தைகள் எப்படி இருக்கிறார்களோ என்று கவலைப்படுகிறார்கள். சாவு வீட்டில் கூடும்போது பழைய பகை எல்லாம் பேச்சுக்கு வரும், ஒப்பாரியில் கரையும், மறுபடி வரும். ஊரில் இவர்களின் இடம் எது, யார் வீட்டு வாசலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் தனியாக விளக்கப்படுவதில்லை. யாராவது ஒருவர் யாரையாவது எப்படிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. உறவுமுறைகள் நிறைய வரும். யார் பெரியம்மா, யார் அத்தை, எந்த ஊரில் யாருக்கு வாழ்க்கைப்பட்டவர் என்பதில் முதல் சில பக்கங்கள் குழப்பும். நீங்கள் நுழைய முடியாமல் திரும்பிய நாவல்களில் இதுவும் ஒன்று என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். உறவைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்கிக்கொண்டு மேலே போக முயலாதீர்கள். சாவு வீட்டுக்குப் போன புதியவருக்கு முதலில் குரல்கள்தாம் பழகும், முகங்களும் முறைகளும் பிறகு தெளியும். இந்த நாவலும் அப்படித்தான் வசப்படும்.

இனி, என்னைப் பாதியில் கைவிட்ட இடங்கள். பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) மீது எனக்கு மரியாதை மிக அதிகம். கலிங்கல் கிராமத்தில் ஆண்டி, மாரி என்ற இரண்டு சிறுவர்களின் சிநேகிதம் வரும் தொடக்கப் பகுதி கரிசல் இலக்கியம் தந்த மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. ஒருவன் சம்சாரி, அதாவது விவசாயி, வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அவர்கள் விளையாட்டும் சேட்டையும் பேச்சும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீண்டிருந்தாலும் படித்திருப்பேன். பிறகு 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் ஆகியவற்றை நோக்கி நாவல் நகர்கிறது. ஆவணங்களில் இருந்து திரட்டிய வழக்கு விவரம், பெயர், தேதி என்று வரிசையாக வரத் தொடங்கியதும் எனக்கு ஆண்டியும் மாரியும் எங்கே போனார்கள் என்று தேடத் தோன்றியது. அந்த வரலாறு எழுதப்பட வேண்டியது என்பதில் சந்தேகமே இல்லை. பூமணி அதற்காகப் பட்ட பாடு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஆனால் கலவரத்தைப் பற்றி எனக்குத் தகவல் தெரிந்ததே தவிர, சிறுவர்களின் கிராமத்தில் நான் இருந்ததுபோல் கலவரத்தில் இருக்க முடியவில்லை.

சோ. தர்மனின் ‘சூல்’ (2016) நாவலிலும் இதேதான். உருளைக்குடிக் கண்மாய்தான் அங்கே நாயகன். மடையைத் திறப்பவர், நீர் பாய்ச்சுபவர், மீன், பறவை, மரம், கண்மாயைச் சார்ந்த தெய்வங்கள் என்று ஒரு முழு உலகம். தண்ணீரை ஊர் எப்படிப் பங்கிட்டுக்கொண்டது, கரம்பை மண்ணை யார் எப்போது அள்ளினார்கள் என்பதெல்லாம் கதைக்குள் கதையாக வந்து விழும்போது தர்மனுக்கு நிகர் கிடையாது. கண்மாய் ஊரின் கையைவிட்டுப் போய்ச் சீரழியும் பிற்பகுதியில் அந்தக் கதைசொல்லி பின்னுக்குப் போய் ஒரு பேச்சாளர் முன்னால் வருகிறார். அவர் சொல்வது எனக்கு உடன்பாடானதுதான். உடன்பாடான கருத்தைக்கூட நாவல் என்னிடம் நேராகச் சொல்லும்போது தலையாட்டுகிறேனே தவிர நெஞ்சில் தைப்பதில்லை. வற்றிய கண்மாயில் நின்று ஒரு கிழவர் எதையும் சொல்லாமல் திரும்பிப் போயிருந்தால் எனக்குப் போதும்.

பெரிய நாவல் என்றாலே எனக்கு ஒவ்வாது என்று நினைத்துவிடாதீர்கள். ஈழத்து எழுத்தாளர் சயந்தனின் ‘ஆதிரை’ (2015) மிகப் பெரியது. மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறியவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று பல குடும்பங்களின் வழியே, பல பத்தாண்டுகளைக் கடந்து, 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போர்வரை வருகிறது. என்ன நடக்கப் போகிறது என்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், ஒரு குடும்பம் காட்டை வெட்டிக் கொட்டில் போடும்போது, பயிர் வைக்கும்போது, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது அந்தத் தெரிதலை மறந்துவிடுகிறோம். அவர்களோடு சேர்ந்து நாமும் எதிர்காலத்தை நம்புகிறோம். சயந்தனின் திறமை அங்கேதான் இருக்கிறது.

போர் நாவல் என்றதும் போராளிகளின் வீரமோ துரோகமோ மையமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். போராளிகள் வருகிறார்கள். ஆனால் பார்வை, அடுத்த வேளைக்கு உலை வைக்க வேண்டிய பெண்களின் பக்கத்தில் நிற்கிறது. இயக்கத்தை நேசித்த குடும்பங்களுக்கும், அதே இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்கப்பட்டபோது நெஞ்சு எப்படிப் பிளந்தது என்பதையும், இராணுவத்தின் கொடுமையையும் ஒரே நேர்மையோடு எழுத முடிந்திருக்கிறது. இந்த நாவலை முடித்த பிறகு உடனே வேறு எதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வட்டார வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாவல்களில் பெரும்பாலானவை கொங்கு, நடுநாடு, கரிசல், வன்னி என்று அந்தந்த மண்ணின் பேச்சில் எழுதப்பட்டவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தேவையில்லை. தெரியாத சொல் வந்தால் வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுத் தாண்டிப் போங்கள். உரையாடலைக் காதால் கேட்டால் பாதிக்கு மேல் தானாக விளங்கும். ‘எங் கதெ’யை முழுக்க அப்படித்தான் படிக்க வேண்டும் என்பேன்.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பல நாவல்களுக்குள் நுழைய முடியவில்லை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். முதலில் ‘காச்சர் கோச்சர்’ எடுங்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும். பிடித்திருந்தால் ‘செல்லாத பணம்’. அதன் நடுப்பகுதியில் அலுப்புத் தட்டினால் விட்டுவிடாமல், ரவி பேசும் இடம்வரை வந்துவிடுங்கள். ‘மாதொருபாகன்’ ஏற்கெனவே படித்திருந்தால் அதன் இரண்டு தொடர்ச்சிகளையும் எடுங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் பெருமாள்முருகன் செய்த காரியத்தில் பாதிதான் கிடைக்கும். எதை முதலில் படிப்பது என்பது உங்கள் விருப்பம். நான் ‘அர்த்தநாரி’யை முதலில் படித்தேன், அடுத்ததாக ‘ஆலவாயன்’ படித்தபோது பொன்னா மேலும் நெருக்கமாக வந்தாள். ‘அஞ்ஞாடி’யின் சிறுவர் பகுதியை மட்டுமாவது தவறவிடாதீர்கள். ‘ஆதிரை’யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் வேறு நாவல் கலக்காமல் தொடர்ந்து படிக்கக்கூடிய நாட்கள் கிடைக்கும்போது.